பன்னிரண்டரை முதல் ஒன்று வரை யாரும் கூப்பிட வேண்டாம்

1

இந்தக் கதை ஒரு கல்லூரி அட்மிஷன் நோட்டீஸில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல வருடம் மனதில் கிடந்து ஊறியது என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது இவ்வளவுதான்: அல்லிநகரத்தில் நான் நடத்தும் மணி கிராபிக்ஸ் கடைக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் இம்மானுவேல். தேனிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் தகவல் தொடர்புத் துறைக்குத் தலைவர். (கல்லூரி பெயரைச் சொல்ல மாட்டேன். நோட்டீஸுக்குத்தான் அவர்கள் ஆர்டர் கொடுத்தார்கள், கதைக்கு இல்லை.)

"பிச்சைமணி, நாலு பக்க நோட்டீசு வேணும்ப்பா. மூணு பக்கம் நான் அனுப்பிருவேன். கடைசிப் பக்கம் மட்டும் நீயே எழுதிரு. 'தகவல் தொடர்பு படித்தால் என்ன வேலை?' அதான் தலைப்பு. உனக்குத்தான் கத எழுத வருமே."

கடைசி வாக்கியத்தில் கிண்டல் இருந்ததா என்று எனக்கு இன்னும் சந்தேகம். இருபது வருடத்துக்கு முன் நானும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதே படிப்பைப் படித்தவர்கள். அவர் அதைச் சொல்லிக்கொடுக்கப் போனார். நான் பிளெக்ஸ் அடிக்கிறேன். ஆன்டெனா பற்றி எட்டு செமஸ்டரில் படித்ததெல்லாம், கடை மாடியில் டிஷ் காற்றில் திரும்பியபோது ஒரே ஒரு தடவை உதவியது. இதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை. கடை நன்றாக ஓடுகிறது. காதணி விழா, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி என்று இந்த ஊரில் என் தமிழ் நிற்காத முச்சந்தி கிடையாது. மீதி நேரத்தில் கதை எழுதுகிறேன். திருப்தியான ஆள்தான்.

ஆனாலும் அந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்று என்னிடம் எழுதச் சொன்னால் எப்படி?

2

தொடக்கங்கள். கிழித்துப் போட்டதை எல்லாம் இங்கேயே வைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

"உலகமே உள்ளங்கைக்குள் வந்துவிட்ட இந்த நூற்றாண்டில்" [இதற்கு மேல் போகவில்லை. இதே வரியைப் போன வருடம் ஒரு செல்போன் கடைத் திறப்பு விழாவுக்கு எழுதிவிட்டேன்.]

"தரைக்கடியில் ஃபைபர் இழுப்பது முதல் விண்ணில் செயற்கைக்கோள் வரை" [இம்மானுவேல் பாதியை அடித்துவிட்டார். "ஃபைபர் இழுக்கறதை எழுதாதப்பா, பெத்தவுக பயந்துருவாக" என்றார். செயற்கைக்கோள் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவருக்குக் கேட்கவில்லை.]

"படித்தவர்களில் பெரும்பாலோர் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் வேறு ஏதோ ஒரு மென்பொருளைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்" [உண்மை. ஆகவே நோட்டீஸுக்கு ஆகாது.]

கடைசியில் இம்மானுவேலே ஒரு தொடக்கம் கொடுத்தார். "நம்ம புள்ள ஒருத்தி கண்டுபிடிச்ச விசயத்தைப் போடு" என்றார். அதை இப்படி எழுதினேன்: "கம்பம்மெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களில், காலை மூடுபனி விலகி நண்பகலில்தான் செல்போன் சிக்னல் உயிர் பெறுகிறது. இதைக் கண்டறிந்தவர் நம் இறுதியாண்டு மாணவி கயல்."

எனக்கே பிடித்துப்போன வாக்கியம். கொஞ்சம் கவிதை, கொஞ்சம் விஞ்ஞானம். அதைப் பெரிய எழுத்தில் போட்டு, பின்னால் மலைப் படம் ஒன்றை மங்கலாக வைத்து, சரிபார்க்க அந்தப் பெண்ணைக் கடைக்கு வரச் சொன்னேன்.

3

கயல் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்திருந்தாள். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. கணினித் திரையைப் பார்த்தாள்.

"சார், இந்தப் பனி விசயத்தை எடுத்துருங்க."

"ஏம்மா, எழுத்து சின்னதா இருக்கா?"

"இல்ல சார். விசயமே தப்பு."

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். செல்போன் கம்பெனிகளில் டிரைவ் டெஸ்ட் என்று ஒரு வேலை உண்டு. அளக்கும் செயலி ஏற்றிய போனை வண்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். எந்த இடத்தில் சிக்னல் எவ்வளவு என்று அது நொடிக்கு நொடி குறித்துக்கொண்டே வரும். கயலின் புராஜெக்ட் அதுதான். ஆனால் அவளுக்கு வண்டியும் கிடையாது, காலையில் வகுப்பும் இருந்தது. அவளுடைய அம்மா ஜக்கம்மாளோ தினமும் விடியற்காலை காமயகவுண்டன்பட்டியில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டுக் கணவாயைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். பதினாறு பேர் நெருக்கி உட்காரும் அந்த ஜீப்பை விட நல்ல டெஸ்ட் வண்டி எங்கே கிடைக்கும்? மகள் தன் போனையே அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். பத்து நாள்.

பத்து நாளும் ஒரே மாதிரி பதிவு. காலையிலிருந்து சுத்தமாக ஒன்றுமில்லை. மதியம் பன்னிரண்டரை வாக்கில் சிக்னல் திடீரென்று எழுந்து நிற்கும். அரை மணி நேரம் பிரமாதம். அப்புறம் மறுபடி ஒன்றுமில்லை.

இதற்குக் கயல் பதினோரு பக்கத்தில் காரணம் எழுதினாள். காலை ஈரப்பதம், இலை அடர்த்தி, உச்சி வெயிலில் பனி விலகுவது, இரண்டு சமன்பாடுகள். சமன்பாட்டில் தப்பே கிடையாது என்று இம்மானுவேல் இப்போதும் சொல்கிறார். வாய்மொழித் தேர்வில் அவளுக்குத்தான் முதல் மதிப்பெண்.

"அப்புறம் என்ன தப்பு?"

"போன்ல பாட்டு கேக்கலைன்னு ஸ்பீக்கர் ஓட்டையை ஊசியால நோண்டினேன் சார். உள்ள இருந்து ஒரு கடுகு விழுந்துச்சு."

"கடுகா?"

"தாளிச்ச கடுகு சார்."

4

இந்தக் கடுகை நான் சந்தேகித்தேன் என்பதை எழுதிவைக்க வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு இவ்வளவு பொருத்தமான பொருள் கையில் வந்து விழுந்தால் பயம் வரும். என் கற்பனையாக இருந்தால் அடித்திருப்பேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஜக்கம்மாளையே போய்ப் பார்த்தேன்.

[இங்கே ஜக்கம்மாளின் முகத்தை வர்ணித்து ஆறு வரி இருந்தது. உழைத்துக் களைத்த, காலத்தின் ரேகை படிந்த... எடுத்துவிட்டேன். அவர் களைப்பாக இல்லை. டிவியில் சமையல் போட்டி பார்த்துக்கொண்டு, தோற்கிறவளைத் திட்டிக்கொண்டு இருந்தார்.]

"கேளுங்க தம்பி, இவ என்னமோ நான் குத்தம் பண்ணுன மாதிரி சொல்றா. மேல மழை எப்ப வரும்னு சொல்ல முடியுமா? மடியில வச்சா நனைஞ்சுரும். குனிஞ்சு காய் எடுக்கையில விழுந்துரும். அடுக்குத் தூக்குல மேலடுக்கைக் காலி பண்ணி, துணியைச் சுத்தி வச்சு மூடிக்கிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி எறங்கல."

எவர்சில்வர் அடுக்கு. இறுக்க மூடி. அதற்குள் சிக்னல் தேடும் போன். மூன்றாவது செமஸ்டரில் எனக்கும் இம்மானுவேலுக்கும் இதை ஒரு வாத்தியார் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்: உலோகப் பெட்டிக்குள் அலை நுழையாது. அதற்கு ஐந்து மதிப்பெண். எனக்கு நாலரை வந்தது.

"மதியம் சோத்துக்குத் தெறப்பீங்க, அப்ப சிக்னல் வந்துரும்."

"சோத்துக்கு மட்டுமில்ல தம்பி." அவர் குரல் தாழ்ந்தது. பெருமையான விஷயத்தை ரகசியமாகச் சொல்கிறவர்களின் குரல். "கண்ட எடத்துல தெறந்தா ஒத்தக் குச்சிதான் காட்டும். அதுக்காண்டி மேட்டுல இருக்கிற பாறைக்குத் தூக்கிட்டுப் போவேன். அங்கன நாலு குச்சியும் நிக்கும். புள்ள படிப்புக்குன்னு குடுத்துவிட்ட போனு. கொறஞ்ச எடத்துல காட்டி மார்க்கு போயிறக் கூடாதுல்ல?"

கயல் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "கேட்டீங்களா சார்? எங்க சிக்னல் எடுக்கலைன்னு பாக்கத்தான் குடுத்துவிட்டேன். எங்கம்மா எனக்கு பர்ஸ்ட் மார்க் வாங்கிக் குடுத்துருக்கு."

"வாங்கிக் குடுத்தேன்ல?" என்றார் ஜக்கம்மாள்.

நான் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. மேலடுக்கில் போன் இருந்தால் தொட்டுக்கொள்ள எதில் கொண்டுபோனார்? கேட்டேன்.

"பத்து நாளு தொட்டுக்க இல்லைன்னா என்ன? சோத்து ஓரத்துல ஊறுகாய வச்சுக்கிட்டேன்."

எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது. நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்.

5

முடிவுகள். கயலிடம் நான் வாசித்துக் காட்டியவை.

அதற்கு முன் அவள் நிலைமை: கையில் சென்னை மென்பொருள் கம்பெனி ஒன்றின் வேலைக் கடிதம் இருக்கிறது. படித்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் நல்ல வேலை. இன்னொன்று, மதுரையில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு நெட்வொர்க் கம்பெனியில் சிக்னல் அளக்கும் எஞ்சினியர் வேலை. தேனி, இடுக்கி மலைப்பகுதி. ஒரே ஒரு இடம். அதற்குத்தான் அவள் ஆசைப்பட்டாள். நேர்முகத்துக்குப் போனபோது புராஜெக்டைக் கேட்டிருக்கிறார்கள்.

"வரைபடத்தைக் காட்டுனேன் சார். இது மலையோட சிக்னல் இல்ல, எங்கம்மா தூக்குவாளியோட சிக்னல்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாக?"

"ஒருத்தர் சிரிச்சாக. ஒருத்தர் சிரிக்கல. சரியா எடுத்து பத்து நாள் கணக்கு அனுப்புறேன்னு நானாத்தான் சொன்னேன். அவுக கேக்கல."

முடிவு அ: அந்த நேர்மையைப் பாராட்டி அந்த இடத்திலேயே வேலை கொடுத்தார்கள். கயல் தன் சொந்த மலைக்கே எஞ்சினியராக

("அப்படியெல்லாம் நடக்கல சார்" என்றாள். வாக்கியம் அங்கேயே நிற்கிறது.)

முடிவு ஆ: சென்னைக்குப் போகிறாள். கண்ணாடிக் கட்டடத்தின் பதினோராவது மாடியில் மலையை நினைத்து ஏங்குகிறாள்.

("நான் எதுக்கு ஏங்கணும்? என் கிளாஸ்ல பதினெட்டுப் பேரு சென்னைக்குத்தான் போறோம். வேளச்சேரியில ரூம் கூடப் பாத்தாச்சு." என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.)

முடிவு இ: இரண்டும் கிடைக்காமல் என் கடையில் டிசைனராகச் சேர்கிறாள்.

("சார்!")

சரி. மூன்றையும் எடுத்துவிட்டேன். இம்மானுவேலிடமும் அவளே போய்ப் பனி பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் எனக்குப் போன் செய்தார். "பனியை எடுத்துரு. புள்ளையை எடுக்காத. எங்க வேலை கெடைக்குதுன்னு தெரிஞ்சதும் பேருக்குக் கீழ போட்டுரு" என்றார். அன்றிலிருந்து நோட்டீஸின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

கயல். தற்போதைய பணி: ..............................

6

இரண்டாவது பத்து நாள் அளவெடுப்பு போன வாரம் செவ்வாய்க்கிழமை தொடங்கியது, நடுவில் ஞாயிறு மட்டும் லீவு. போன் இப்போது பிளாஸ்டிக் உறையில், கழுத்தில் தொங்குகிறது. மேலடுக்கில் பொரியல் திரும்பி வந்துவிட்டது. கயல் அம்மாவுக்குச் சொன்ன விதி ஒன்றே ஒன்று: போனுக்காக எங்கேயும் போகாதே, உனக்கு எங்கே போகத் தோன்றுகிறதோ அங்கே போ.

எட்டு நாள் பதிவை நான் பார்த்தேன். ஜீப் எந்த வளைவில் சிக்னலை இழக்கிறது, தோட்டத்தில் எந்தச் சரிவில் சுத்தமாக இல்லை, எல்லாம் இருக்கிறது. மதியம்? ஐந்து நாள் பாறை. மூன்று நாள் ஸ்டோர், அதாவது காய் உலர்த்தும் கட்டடம். அங்கே சிக்னல் கிடையாது. மழை பெய்தால் ஸ்டோர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு நாள் நல்ல வெயில்.

"அன்னைக்கு ஏன் பாறைக்குப் போகல அக்கா?" என்று கேட்டிருந்தேன்.

"அன்னைக்கு ஸ்டோர்ல ஒரு மலையாளத்துச் சேச்சி மக கல்யாண போட்டா காட்டுனாக தம்பி. விட்டுட்டுப் போக முடியுமா?"

இன்று வியாழக்கிழமை. ஒன்பதாவது நாள். கயல் காலை ஒன்பது மணிக்கு நோட்டீஸைக் கடைசியாகத் திருத்த வந்தாள். என் கணினியில் மெயிலைத் திறந்தாள். மதுரைக் கம்பெனியிடமிருந்து இரண்டு வரி: இன்று மதியம் பன்னிரண்டரைக்கும் ஒரு மணிக்கும் இடையே நீங்கள் பதிவு செய்த எண்ணில் அழைப்போம். எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவரை அழைப்போம்.

பதிவு செய்த எண் அவள் கழுத்தில் இல்லை. அவள் அம்மா கழுத்தில், மலைமேல் இருக்கிறது.

பதில் மெயில் போட்டோம். இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று வந்தது. மதுரை ஆபீஸ் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜக்கம்மாளைக் கூப்பிட்டோம், தொடர்பு எல்லைக்கு வெளியே. சென்னைக்காரர்களுக்கு இன்று மாலை ஐந்து மணிக்குள் சரி என்று சொல்ல வேண்டும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ஜீப்பு டிரைவர் நம்பர் இருக்கா?" என்று கேட்டேன்.

"சங்கிலி அண்ணன். மெட்டுல டீக்கடையில இருப்பாக. அங்க சிக்னல் இருக்கு."

"அப்புறம் என்ன? அவரை ஓடிப் போயி அம்மாட்ட சொல்லச் சொல்லு. பாறையில போய் ஒக்காரட்டும்."

கயல் நோட்டீஸில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாள்.

"சொன்னா எங்கம்மா இப்பவே போயி பாறையில ஏறிரும் சார். ஒரு மணி வரைக்கும் எறங்காது. கங்காணி சத்தம் போட்டாலும் எறங்காது. ஒம்பதாம் நாள் கணக்கு பூரா பாறைக் கணக்காயிரும்."

"இன்னொரு நாள் எடுத்துக்கலாம்லம்மா."

"நாளையோட இந்தக் காய் எடுப்பு முடியுது. அடுத்தது நாப்பது நாள் கழிச்சு. சனிக்கிழமை அனுப்புறேன்னு சொல்லியிருக்கேன்." பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எடுக்கலைன்னா எடுக்கல சார். எங்க எடுக்கலைன்னு சொல்றதுக்குத்தானே இந்த வேலையே."

இருபது வருடத்துக்கு முன் இந்தப் படிப்பைப் படித்தபோது இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்திருக்காது. பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. நோட்டீஸின் தலைப்புக்குக் கீழே அதை அப்படியே போட்டுவிட்டேன். இம்மானுவேல் அடித்தாலும் மறுபடி போடுவேன்.

7

மணி பன்னிரண்டு பத்தொன்பது. கதை என் நேரத்தைப் பிடித்துவிட்டது. இதற்கு மேல் நடந்ததை எழுத முடியாது, நடப்பதைத்தான் எழுத வேண்டும்.

சங்கிலியின் எண் எனக்கும் தெரியும். கயல் கை கழுவப் போனபோது அவள் எழுதிவைத்த தாளில் பார்த்தேன். ஒரு போன் போதும். நல்ல முடிவு கிடைத்துவிடும், நோட்டீஸும் நிறைந்துவிடும். விரலைக் கொண்டுபோய்

[இல்லை. அவள் எடுத்த முடிவு. என் கதை என்பதற்காக நான் புகுந்து கெடுக்கக் கூடாது. போனை மேசை டிராயரில் போட்டுவிட்டேன்.]

பன்னிரண்டு இருபத்தைந்து. வெளியே போய் மேற்கே மேகம் இருக்கிறதா என்று பார்த்தேன். அல்லிநகரத்திலிருந்து கம்பம்மெட்டு தெரியாது. இருந்தாலும் பார்த்தேன். ஜக்கம்மாள் இப்போது கை கழுவிக்கொண்டிருப்பார். பாறைக்கா ஸ்டோருக்கா என்று அவருக்கே இன்னும் தெரியாது. "பாறையில காத்து நல்லா வரும் தம்பி, கம்பம் பூரா தெரியும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். சேச்சி இன்னும் போட்டோ வைத்திருக்கிறாளா என்று நான் கேட்க மறந்துவிட்டேன்.

வாசகரே, முடிவு இப்போது உங்கள் கையில். வழக்கமாக இதைச் சொல்கிறவர்கள் சும்மா சொல்வார்கள். நான் நிஜமாகவே சொல்கிறேன். உங்களுக்கு முடிவு தெரிய வேண்டுமானால் வழி ஒன்றுதான் இருக்கிறது: கயலின் எண்ணைக் கூப்பிட வேண்டும். மணி அடித்தால் பாறை. அடிக்காவிட்டால் ஸ்டோர். எனக்கும் கை துறுதுறுக்கிறது.

ஆனால் நீங்கள் கூப்பிட்டு, அது அடித்து, ஜக்கம்மாள் எடுத்துவிட்டால்? "யாரு? எந்த ஊரு? சாப்புட்டீகளா?" என்று தொடங்குவார். அந்த நேரம் மதுரைக்காரர்களுக்கு லைன் பிஸி.*

* இன்னொரு அழைப்பு காத்திருந்தால் தெரியுமே என்பீர்கள். தெரியும். அந்தச் சத்தம் கேட்டால் அவர் பயந்து இரண்டையும் வெட்டிவிடுவார் என்று கயல் சொல்கிறாள்.

ஆகவே எண்ணைத் தர மாட்டேன். தெரிந்தவர்களும் தயவுசெய்து கூப்பிட வேண்டாம். அரை மணி நேரம் அந்த லைனைச் சும்மா விட்டு வையுங்கள். இந்தக் கதைக்கு வாசகர் செய்ய வேண்டியது அவ்வளவுதான். புள்ளிக் கோட்டில் எந்த வேலையை எழுதினாலும் எனக்குச் சம்மதம். இரண்டுமே நல்ல வேலைதான். பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

கயல் எதிரே உட்கார்ந்து, தான் கொண்டுவந்த தூக்குவாளியைத் திறக்கிறாள். வெறும் டீயோடு மதியத்தை ஓட்டுகிறவன் நான் என்று எப்படித் தெரிந்ததோ, மேலடுக்கைக் கழற்றி என் பக்கம் நகர்த்துகிறாள். பீன்ஸ் பொரியல். கடுகு நிறைய.

"சாப்பிடுங்க சார்."

மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. நாங்கள் சாப்பிடுகிறோம்.